பனிவண்டி எழும்பிய காலை

அண்ணே,

இந்தப் பனிக்கூடத்துக்குள் எதுவும் மணக்காது. எப்போதும் உறைநிலைக்குக் கீழே நிற்கும் காற்றில் பெட்ரோலும் வியர்வையும், கதவுக்கு அந்தப்புறத்துக் கடைகளின் வறுவலும் மூக்கை எட்டுவதற்குள் அடங்கிப்போகும். இன்று காலை ஆட்களை உள்ளே விடுவதற்கு முன், புதிதாக வந்திருக்கும் கோழிக்கோட்டு மெக்கானிக் பனிவண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். சூடாக இருந்த புகைக்குழாய் மேல் கொஞ்சம் சிந்திவிட்டது. கருகிய ஆயிலின் வாசனை அந்தக் குளிரைக் கிழித்துக்கொண்டு வந்தது. நான் திரும்பாமலே, "என்ன அண்ணே, மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டேன். அந்த மனிதர் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாம் இருவரும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் நீங்கள் என்னை "நானா" என்றுதான் கூப்பிட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்களை அப்படித்தான் அழைப்போம் என்றீர்கள். கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்போம் என்று நான் சொன்னபோது, மனிதரைப் பார்த்து எப்படிக் காக்கா என்று கூப்பிடுவது என்று சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமல் வந்துவிட்டது. நான் உங்களை அண்ணே என்றேன். ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்டு, ஷார்ஜாவின் ரோலாவில் பக்கத்துப் பக்கத்து ரூம்களிலிருந்து ஒரே பஸ்ஸில் துபாயின் இந்தப் பனிச்சறுக்குக் கூடத்துக்கு டியூட்டிக்கு வந்தோம். நீங்கள் மெக்கானிக், நான் எலக்ட்ரீஷியன். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே நுழைந்ததும் ஜாக்கெட், பூட்ஸ், கையுறை. அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ கையை வைத்து அழுத்துவது போலிருக்கிறது என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நாம் இருவருமே நினைத்துக்கொண்டோம்.

அந்த வண்டி வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். யாரோ ஒரு பணக்காரர் குளிர்நாடுகளுக்குக் கொண்டுபோய் ஓட்டிவிட்டு, அலுத்துப்போய், கராஜில் போட்டு வைத்திருந்தது. காயம்பட்டவர்களைச் சரிவிலிருந்து ஸ்லெட்ஜ் என்னும் சறுக்குப் பலகையில் வைத்து இறக்கிவர ஒரு வண்டி வேண்டும் என்று நம் ஆட்கள் தேடியபோது அது கைக்கு வந்தது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ரப்பர் பட்டை, மூடிக்குள் டர்போ வைத்த இஞ்சின். நீங்கள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இந்தச் சின்னச் சரிவுக்கு டர்போ எதற்கு என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். அன்று டீ குடிக்கக்கூட நீங்கள் வரவில்லை.

வெளியே கராஜில் சாவி திருப்பினால் பிடித்த வண்டி, பனிக்குள் ஓர் இரவு நின்றதும் எழும்பவில்லை. ஸ்டார்ட்டர் முனகியது, இரண்டு சுற்று சுற்றியது, நின்றது. நீங்கள் பேட்டரி என்றீர்கள், நான் ஆயில் என்றேன். இருவரும் அடுத்தவர் பக்கம் கையைக் காட்டியதைப் பார்த்து நம் மலையாளி சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் இருவர் சொன்னதும் சரியாகவே இருந்தது. வெளியே ஓடும் பிக்கப்புகளுக்கு ஊற்றும் கெட்டி ஆயிலையே இதற்கும் யாரோ ஊற்றியிருந்தார்கள். குளிரில் அது பாகு மாதிரி இறுகி இஞ்சினைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டது. அதைச் சுற்றவைக்கப் போராடியதில் பேட்டரியின் வோல்டேஜ் விழுந்தது. விழுந்ததும் பொறி வரவில்லை. மெல்லிய ஆயிலாக மாற்றினீர்கள், நான் பேட்டரி ஒயர்களைத் தடித்ததாகப் போட்டேன். அன்றுதான் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள்: "முதல்ல சுத்துதோ பாருங்கோ. பேந்து பத்துதோ பாருங்கோ. பேந்து ஒயில் ஏறுதோ பாருங்கோ. ஒண்டை விட்டிட்டு மற்றதுக்குப் போகாதேங்கோ."

அதோடு முடியவில்லை. அந்த இஞ்சினில் ஆயில் அடியில் தங்குவதில்லை. தனித் தொட்டி ஒன்றுக்குப் போய்த் திரும்புகிறது. நன்றாக ஓடிச் சூடான பிறகு பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். ஷிஃப்ட்டில் வருகிற ஒவ்வொருவரும் குளிர்ந்த இஞ்சினில் அளவுக்குச்சியைப் போட்டுப் பார்த்து, குறைவு குறைவு என்று ஊற்றி நிரப்பியிருந்தார்கள். அது இஞ்சின் ஆவி வெளியேறும் மூச்சுக்குழாய் வழியே ஏறி, டர்போவுக்குள் போய், நீலப் புகையாக வந்தது. உபரியை எடுத்தீர்கள். புகை நின்றது. பிறகு, ஒரு மாதம் கூட இருக்காது, ஆயில் மூடியின் உட்புறம் வெள்ளையாகப் பாலாடை போல ஏதோ ஒட்டியிருந்தது. காலையில் இஞ்சின் இறுகிக் கிடந்தது. எழும்பினாலும் குச்சி வைக்கும் துளை வழியே ஆயிலைத் துப்பியது.

தண்ணீர் என்று சொன்னீர்கள். யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லையே, பிறகு எங்கிருந்து வரும்? "காத்திலயிருந்து நானா," என்றீர்கள். ஈரம் பிசுபிசுக்கும் வெளிக்காற்றிலிருந்து வண்டியைப் பனிக்குள் தள்ளுகிறோம். உள்ளே ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிடுகிறோம். இஞ்சின் முழுதாகச் சூடாவதே இல்லை; உள்ளே வியர்த்த நீர் ஆவியாகி வெளியேற வழியில்லை. அது ஆயிலோடு கலக்கிறது, மிச்சம் மூச்சுக்குழாயில் போய் உறைகிறது. அடைத்த மூச்சு ஆயிலைத்தானே வெளியே தள்ளும்? சொன்னதோடு நிற்காமல் குழாயைக் கழற்றி, உள்ளே விரல் தடிமனில் உறைந்திருந்த பனிக்கட்டியைத் தட்டி என் உள்ளங்கையில் போட்டீர்கள். அது உருகி விரலிடுக்கில் வழிந்தது.

குழாயின் பாதையைப் புகைக்குழாயின் சூட்டுக்குப் பக்கமாக மாற்ற வேண்டும், தினமும் காலையில் வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். ஓடவிடச் சம்மதித்தார்கள். குழாயை மாற்ற மேலிடத்தின் பதில் வரவேண்டும் என்றார் சூப்பர்வைசர். பதில் வரவில்லை. அந்தக் காலை நீங்கள் என்னிடம் வந்து, சில்லர் பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டீர்கள். எதற்கென்று எனக்குத் தெரியும். வெட்டிக் கொடுத்தேன். நீங்களே குழாயைத் திருப்பி வைத்து, அதன் மேல் ஸ்பாஞ்சைச் சுற்றிக் கட்டினீர்கள். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை. மேலே ஸ்லெட்ஜின் கொக்கி ஆடுகிறது, இறுக்கிவிட்டு வருகிறேன், வந்து சேர்ந்தே போடுவோம் என்று சரிவின் மேல் போகும் நாற்காலி லிஃப்டில் ஏறிப்போனீர்கள். தொங்கும் கால்களை ஆட்டியபடி போனீர்கள்.

சரிவில் வேலை செய்யும் நேபாளி கிரண்தான் வாக்கிடாக்கியில் கூப்பிட்டான். பாய், மாஸ்டர் பனியில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கவில்லை என்றான். லிஃப்ட் மெதுவானது, ஓடி ஏறவும் முடியாது. எதிரே அந்த வண்டிதான் நின்றது. அதை நான் சமதளத்தில் தவிரச் சரிவில் ஓட்டியதே இல்லை. சாவியைத் திருப்பும்போது அல்லாஹ்வைத் தவிர யார் பெயரும் வாயில் வரவில்லை. ஒரே சுற்றில் பிடித்தது, அண்ணே. முனகவில்லை, துப்பவில்லை. ஏறினேன்.

நீங்கள் கொக்கியை இறுக்கி முடித்திருந்தீர்கள். ஸ்பானர் பக்கத்தில் பனியில் குத்தி நின்றது. முகம் சாம்பல் நிறமாக இருந்தது. கிரணின் ஜாக்கெட்டையும் உங்கள் மேல் போர்த்தி, ஸ்லெட்ஜில் படுக்கவைத்துக் கட்டினோம். நான் குனிந்தபோது என் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்.

"எழும்பிச்சுதோ?"

"எழும்பிருச்சு அண்ணே. ஒரே சாவியில."

"நிப்பாட்டாதேங்கோ. சூடாகட்டும்."

கீழே ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். நானும் ஏறினேன். ஆஸ்பத்திரியில் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டர் வெளியே வந்து என் தோளில் கை வைத்தார். அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலுக்கு வந்து நின்றேன். நடுவெயில். பனி ஜாக்கெட்டோடு ஒருவன் நிற்பதைப் போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். தோளில் ஒட்டியிருந்த பனி உருகிய நீர் மார்பு வழியே இறங்கியது. ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

திரும்பி வந்தபோது கிரண் சொன்னான்: நாங்கள் போன பிறகு வண்டியை யாரும் நிறுத்தவில்லை. நீங்கள் சொன்னதை அவன் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறான். நிறுத்தப் போனவர்களும் சாவியில் கை வைக்கவில்லை. ஆளில்லாத இருக்கையோடு, சரிவின் அடியில், பெட்ரோல் தீரும்வரை அது தானாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதன் பிறகு யாரும் அதன் பக்கம் போகவில்லை. தள்ளிக்கொண்டுபோய் ஒரு மூலையில் விட்டார்கள். செயற்கைப் பனி பொழியும் நேரத்தில் இருக்கை மேல் பனி படியும். நடுவில் மட்டும் படியவில்லை என்று ஒருவர் சொன்னார். ஆளில்லாத காலைகளில் இஞ்சின் ஓடும் சத்தம் கேட்கிறது என்றான் கிரண். அது சுவருக்குப் பின்னால் இருக்கும் கம்ப்ரஸர் என்று விளக்கினேன். விளக்கிவிட்டு, அவன் போன பிறகு, நானும் நின்று கேட்டேன். கம்ப்ரஸர்தான். ஆனாலும் மறுநாளும் நின்றேன். உங்கள் ரூமில் வேறொருவர் வந்துவிட்டார். அவர் இருமினால்கூட நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஊரில் உங்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு உங்கள் மனைவி என்னைக் கூப்பிட்டார். அண்ணா என்றுதான் பேசினார். துபாயில் பனி என்று நீங்கள் படம் அனுப்பியபோது ஊரில் யாரும் நம்பவில்லையாம். களவாகக் கனடாவுக்குப் போய்விட்டு மறைக்கிறார் என்றே சிலர் சொன்னார்களாம். அவர் கேட்டது ஒன்றுதான். "குளிருக்கையே கிடந்தவர் அண்ணா?" இரண்டு ஜாக்கெட் போர்த்தியிருந்தோம் என்றேன். கடைசியாக என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு நடந்ததையே சொன்னேன். பின், அந்த மிசின் இப்போதும் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடவில்லை தங்கச்சி, விற்கப் போகிறார்கள் என்றேன். "அவர் இருந்தா விட்டிருக்கமாட்டார்," என்றார். குறையாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், விற்பதற்கு முன் ஒருமுறை பார்க்கிறேன் என்றேன். கலாஸ், முடிந்தது, அதை விடு என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துத் தந்தார். வண்டியைத் தனியாக வெளியே தள்ளிக்கொண்டு போனேன். சுற்றுகிறதா? சுற்றியது. பற்றுகிறதா? பற்றவில்லை. அங்கே நின்றுகொண்டேன், அடுத்ததற்குப் போகவில்லை. பெட்ரோல் போகும் வழியைக் கழற்றினேன். காலியாக நின்ற தொட்டியின் உட்சுவர் முழுக்க வியர்த்து, அடியில் தண்ணீர் தேங்கி, ஃபில்டருக்குள் பனிக்கட்டியாக இருந்தது. நீங்கள் சொன்ன அதே காற்றுத் தண்ணீர்தான். தொட்டியைத் துடைத்துக் காயவைத்து, ஃபில்டரை மாற்றி, விளிம்புவரை பெட்ரோல் நிரப்பினேன். நீங்கள் கட்டிய ஸ்பாஞ்சைத் தொடவில்லை. எழும்பியது. ஆயில் ஏறுகிறதா? ஆயில் எச்சரிக்கை விளக்கு அணையும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிரண் தூரத்திலிருந்து பார்த்தான், பிறகு பக்கத்தில் வந்தான், பிறகு இருக்கையிலிருந்த தூசியைக் கையால் துடைத்தான்.

அடுத்த நாள் காலை வண்டியைப் பனிக்குள் நிறுத்தி, ஓடவிட்டு, உங்கள் மனைவிக்குப் போன் போட்டேன். ஓடுகிறது தங்கச்சி, கேளுங்கள் என்று போனை மூடிக்குப் பக்கத்தில் பிடித்தேன். டர்போ மெல்லிசாக ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்துக் காதில் வைத்தேன். அவர் அழுகிறாரோ என்று பயந்தேன், இல்லை.

"இதுவோ அண்ணா?" என்றார். "விடியக் காலமை கதைக்கேக்க அவருக்குப் பின்னால இது எப்பவும் கேக்கும். நான் காத்தெண்டு நினைச்சன். உந்த நாட்டில எந்த நேரமும் காத்தடிக்குது எண்டு நினைச்சன்."

வண்டி சூடாகும்வரை அதன் மேல் உட்கார்ந்து நீங்கள் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். எத்தனையோ காலை பார்த்திருக்கிறேன். ஆனால் மறுமுனையில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் யோசித்ததேயில்லை.

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது, அண்ணே. விற்கவில்லை. கோழிக்கோட்டுக்காரர் நல்ல கைக்காரர். தினமும் காலையில் ஓடவிடுவது மட்டும் என் வேலை. வேறு யாருக்கும் நான் அதைக் கொடுப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறேன். எனக்கு அது இஞ்சின் சத்தமாகக் கேட்பது எப்போதோ நின்றுவிட்டது. ஒரு போனின் மறுமுனையில் கேட்கும் காற்று மாதிரிதான் கேட்கிறது. அந்தக் காற்றுக்கு முன்னால் ஒரு குரல் பேசத் தொடங்கும் என்று என் காது காத்திருக்கிறது. ஆயில் சூடாகிறது. கதவுகளைத் திறக்கிறார்கள். காது இன்னும் காத்திருக்கிறது.