கிளட்ச் இல்லாத கார் மலை இறங்கிய விதம்

ஜூன் 11, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். கரண்ட் இல்லை. பாக்டரியில் வேலை பாதி, வேடிக்கை முழுசு.

முதலாளி ஏலத்தில் எடுத்த, படகு மாதிரி நீண்ட அமெரிக்கக் கார் வந்து சேர்ந்தது. (முதலாளி இனிமேல் மு. மட்டும். இதை யாராவது படித்தாலும் சுருக்கத்தால் தப்பிக்கலாம் என்று ஒரு நப்பாசை.) நீளம் எங்கள் வீட்டைவிட ஒரு முழம் கூடுதல் இருக்கும். கிளட்ச் கிடையாது. கியர் தானே மாறிக்கொள்ளுமாம். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குச்சி. அதற்கு பி, ஆர், என், டி, எல் என்று எழுத்துகள். நிறுத்த, பின்னால் போக, நியூட்ரல், ஓட்ட. கடைசி எல் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

டிரைவர் தேவசகாயம் (எங்களுக்கு தேவா) முன்னாள் லாரிக்காரன். அவன் இடது காலுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. கிளட்ச் என்று நினைத்து மிதிக்கிறது, கீழே இருப்பது பிரேக். புதுவாயல் போய்ச் சேர்வதற்குள் என் நெற்றியில் கண்ணாடி பதிந்துவிட்டது. வெற்றிலைக் கடைக்காரர் வண்டிக்கு விக்கல் வந்திருப்பதாகச் சொல்லி ஒரு சோடா நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மு. திருப்பதி போகிறார். பேரனுக்கு மொட்டை. அவர் மனைவி, மகள் ராதா, குழந்தை. எனக்கும் சரோஜாவுக்கும் இடம் உண்டு. என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. நான் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 12, செவ்வாய்

அதே வெயில். ஷேவிங் செய்தபோது வெட்டிக்கொண்டேன். கவலையால் அல்ல, பிளேடு பழசு. (இதுவும் நப்பாசை.)

டீக்கடையில் தேவா மனம் திறந்தான். மலை ஏறுவதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. இறங்குவதுதான். லாரியில் எந்த கியரில் ஏறினானோ அதே கியரில் இறங்குவான். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடேறாது. இந்தக் காரில் அதற்கு வழி என்ன?

"எந்த கியர்ல ஏறுதுன்னு வண்டிக்குத்தான் சார் தெரியும். என்னாண்ட சொல்லமாட்டேங்குது. எறங்கறப்ப நான் இன்னா பண்றது?"

தலையை ஆட்டினேன். மேனேஜருக்குச் சம்பளமே அதற்குத்தான்.

மு.வின் கட்சி வேறு. இறக்கம் என்றால் நியூட்ரல். பெட்ரோல் விலை மறுபடி ஏறியதிலிருந்து பாக்டரி வண்டிகள் எல்லாவற்றுக்கும் இதே சட்டம். குச்சியில் 'என்' எழுத்தைப் பார்த்ததும், அமெரிக்காக்காரனும் நம்மை மாதிரி சிக்கனக்காரன்தான் என்று பூரித்துப்போனார்.

ஜூன் 14, வியாழன்

மேகமூட்டம். மழை வரும்போல் பாவனை, வரவில்லை.

ஒத்திகை. இந்தப் பக்கத்தில் மலைக்கு எங்கே போவது? சோழவரம் ஏரிக்கரைதான். கரைமேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. பின்சீட்டில் மு. முன்னால் தேவாவும் நானும். கரையோரம் துணி துவைத்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

டி-யில்: பிரேக்கில் வைத்த காலை எடுக்க முடியவில்லை.
என்-இல்: கயிறு அறுந்த மாடு.
எல்-இல்: எஞ்சின் ஊளையிட்டது. ஆனால் வண்டி, கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவன் மாதிரி, போக மனமில்லாமல் நடந்தது. தேவா பிரேக்கைத் தொடவே இல்லை, எஞ்சினே இழுத்துப் பிடித்தது.

திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் பல்லை இன்றுதான் பார்த்தேன். அதற்குள் பின்னாலிருந்து மு.:

"இன்னாத்துக்குய்யா இப்டி கத்துது? பெட்ரோல் குடிக்குது பாரு. மாத்து, மாத்து."

கால் ஆக்சிலேட்டர்மேல் இல்லை என்று தேவா காலைத் தூக்கியே காட்டினான். எடுபடவில்லை. மு.வுக்குச் சத்தம் என்றால் செலவு. பாக்டரியில் நாங்கள் இருமினாலும் அப்படித்தான் பார்ப்பார். மலையில் இந்த ஊளை ஒரு தடவை காதில் விழுந்தால் தேவா பஸ் பிடித்து ஊர் திரும்பலாம், திங்கட்கிழமை வேறு டிரைவர் என்று சொல்லிவிட்டார். சும்மா மிரட்டுகிறவர் இல்லை. போன வருஷம் வாட்ச்மேன் போனது பகலில் விளக்கு எரிந்ததற்காக.

அவர் இறங்கிப் போனதும் தேவா சொன்னது:

"என்-ல எறக்குனா உசுரு போவும். எல்-ல எறக்குனா சோறு போவும். நீயே சொல்லு சார், எத்த உடறது?"

அவன் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், படுத்த படுக்கையாக மாமனார். மு.விடம் பேசிப்பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 15, வெள்ளி

செய்தவை: சட்டை இஸ்திரி. சரோஜாவின் புளிசாதத்துக்கு எண்ணெய். அனுப்பிய கடிதத்தையே மறுபடி எழுதியது. ஸ்டோர் ரூம் வரை போய், எதற்கு வந்தேன் என்று மறந்து திரும்பியது.

செய்யாதது: மு.விடம் பேசுவது.

சரோஜா கேட்கிறாள், ஏன் ஊஞ்சல் மாதிரி இங்கேயும் அங்கேயும் போய்க்கொண்டிருக்கிறேன் என்று. வாயு என்றேன். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள். குடித்துத் தொலைத்தேன்.

ஜூன் 17, ஞாயிறு

மலைமேல். ஓட்டல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நல்ல காற்று, அனுபவிக்கத்தான் மனசு இல்லை. மொட்டை முடிந்தது. குழந்தை அழுதது, மு. அதைவிட.

ஏறும்போது எல்லோரும் கோவிந்தா போட்டார்கள். பக்கத்திலேயே இருந்த தேவா என்னவோ சொன்னான், எனக்கு ஒரு எழுத்தும் காதில் விழவில்லை. சாப்பிடும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ரசத்துக்கு மேல் மோர் ஊற்றிக்கொண்டேன்.

தேவாவைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு என் யோசனையைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான். கூப்பிடுகிறார்கள், போகவேண்டும்.

ஜூன் 18, திங்கள்

உயிரோடு இருக்கிறேன். குரல் இல்லை.

முதல் இறக்கத்தில் மு. உத்தரவுப்படி என். எஞ்சின் முணுமுணுத்தது. வண்டி உருண்டது, பிறகு ஓடியது, பிறகு எங்களையெல்லாம் கேட்காமல் போனது. தேவா பிரேக்கை மிதித்த மிதியில் ரப்பர் கருகிய நாற்றம். வளைவில் மதில் சுவர் என் ஜன்னலை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. ராதா குழந்தையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். மு. மட்டும் கண்ணை மூடி, பெட்ரோல் மிச்சமாவதை ரசித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி உட்கார்ந்து அடித்தொண்டையிலிருந்து ஒரு கோவிந்தா போட்டேன். பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். மொட்டை போட்ட பேரனை வைத்துக்கொண்டு மு. சும்மா இருக்க முடியுமா? கைகூப்பி அவரும் சேர்ந்தார். தேவா பிரேக்கில் வேகத்தைக் குறைத்து, குச்சியை எல்லுக்கு இழுத்தான். எஞ்சின் ஊளையிட்டது. நாங்கள் அதற்கு மேல் ஊளையிட்டோம். வண்டி சாட்சிக்காரனாக மாறி ஒவ்வொரு வளைவிலும் தலைகுனிந்து திரும்பியது.

மு. மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் நான் ஆரம்பித்தேன். நான் தளர்ந்தபோது தேவா. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற தேவசகாயம், எங்கள் எல்லோரையும் விடச் சத்தமாக. அவனுடைய பரலோகக் கணக்கைப் பாதிரியார் பார்த்துக்கொள்ளட்டும்.

அடிவாரத்தில் குச்சி மறுபடி டி-க்குப் போனது. மு. என் தோளைத் தட்டினார்.

"பாத்தியா? அவ்ளோ பெரிய மலை, நியூட்ரல்லயே எறங்கிட்டோம். ஒரு சொட்டு ஆவல."

சரோஜா என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். புத்தூர் தாண்டித்தான் கேட்டாள், இத்தனை பக்தியை இவ்வளவு நாளாக எங்கே ஒளித்து வைத்திருந்தேன் என்று.

ஜூன் 20, புதன்

புழுக்கம். தொண்டைக்குச் சுக்குத் தண்ணீர். நிம்மதி இரண்டு நாள் கூட உட்காரவில்லை.

மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார். ராதாவின் கணவர், மொட்டைக்கு லீவு கிடைக்காதவர். சாது. சனிக்கிழமை அவர், ராதா, குழந்தை மூன்று பேரும் படகுக் காரில் ஏற்காடு. ஓட்டப்போவது அவரேதான். தேவா வேண்டாமாம், தனியாகப் போக ஆசை. நியாயம்தான், பெண்டாட்டி பிள்ளையோடு இருக்க அவருக்கு நாள் கிடைப்பதே அபூர்வம்.

மு. அவருக்கு உபதேசம் செய்தார், நான் பக்கத்தில் நிற்கும்போதே:

"எறக்கத்துல என்-ல போட்டுக்கினு உட்டுடுங்க மாப்ள. திருப்பதி மலையே அப்டித்தான் எறங்கனோம். வேணும்னா மேனேஜரக் கேளுங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டி இளித்தேன்.

ஏற்காட்டு வளைவுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வருகின்றன. நான் அங்கே போனதே இல்லை.

ஜூன் 21, வியாழன்

காலையில் முதல் வேலையாக தேவாவைப் பார்த்தேன். மு.விடம் சொல்லப் போகிறேன், முழுப் பழியும் என்மேல் என்றேன். பீடியை அணைத்தான்.

"குச்சிய இழுத்தது நான் சார். எம்பேரையும் சேத்தே சொல்லு. அந்தக் கொயந்தைய நானுந்தான் தூக்கி வெச்சினு இருந்தேன்."

சொன்னேன். நின்றுகொண்டே, பாதிக் குரலில். என் என்றால் என்ன, எல் என்றால் என்ன, மதில் சுவர், கருகிய நாற்றம், கோவிந்தா எதற்கு என்பது உள்பட எல்லாம். மு. பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தார். பெட்ரோல் பற்றிக் கேட்பார் என்று தயாராக இருந்தேன். கேட்கவில்லை.

"அப்போ நான் போட்ட கோவிந்தா?"

பேப்பர் வெயிட்டைக் கீழே வைத்தார்.

"கண்ணுல தண்ணி வந்துச்சிய்யா எனக்கு. எஞ்சின் சத்தத்த மூடறதுக்கா?"

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே தேவா படகைக் கழுவிக்கொண்டிருந்தான். வேலை போயிற்று, இரண்டு பேருக்கும், என்று சரோஜாவிடம் சொல்ல வாக்கியம் கோர்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏற்காடு நிக்கட்டும். நாளைக்கு திருப்பதி மலைக்குப் போறோம். நான், நீ, தேவா, மாப்ள. பொம்பளைங்க வேணாம். மேல ஏறி மன்னிப்பு கேக்கறோம். எறங்கறப்ப மாப்ள ஓட்டட்டும், தேவா பக்கத்துல குந்திக்கினு சொல்லிக்குடுக்கட்டும். ஒருத்தன் வாயத் தொறக்கக்கூடாது. அந்த சத்தத்த அடிவாரம் வரைக்கும் நான் காதால கேக்கணும்."