ஜெபகனியைத் தூக்கிய பெல்ட்

அன்புள்ள அப்பா,

வணக்கம். முதுகுவலி கம்மியாயிற்றா? வேலூர் ஹாஸ்டலில் நான் நலம், சாம்பார்தான் நலமில்லை.

பழைய மாயாஜாலப் படமொன்றைப் பாட்டு நாடகமாகப் போடுகிறோம். என் அறைத்தோழி ஜெபகனிதான் தேவதை. இடுப்பு பெல்ட்டில் தொங்கிப் பறப்பாள். நேற்று ஒத்திகையில் அவள் மேலே போனதும் பக்கிள் ஓரம் பிய்வதைப் பார்த்தேன்.

"சார், அது தோல் இல்ல, ரெக்சின்! இறக்குங்க!"

"இன்னா எழில், இன்னிக்கும் கலாட்டாவா?" என்று நாடகம் சொல்லித்தரும் சார் சிரித்தார்.

நான் அழுத பிறகுதான் இறக்கினார்கள். பெல்ட் நுனியில் தீக்குச்சி வைத்தேன்; பிளாஸ்டிக்காய் உருகிச் சொட்டியது. சார் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

பயப்படாதீர்கள், யாருக்கும் அடியில்லை. ஆம்பூரில் தோல் தைப்பவர் மகளுக்குத் தோல்வியா? இரட்டைத் தையல் போட்டு நல்ல பெல்ட் ஒன்று தையுங்கள். ஜெபகனியின் இடுப்பு இருபத்தெட்டு அங்குலம். சனிக்கிழமை நாடகம். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள் அப்பா. மணியடித்துவிட்டது.

உங்கள் எழிலரசி