இறக்கத்தில் எரியும் இரண்டு விளக்குகள்

1979 ஒக்டோபர் 8

காலையிலிருந்து தூறல். ஹட்டன் ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு ஹயர் ஓட்டம், அதுவும் ஒருவழி. டிக்கோயாவுக்கு வெறுங்காராகத்தான் திரும்பினேன்.

வெறுங்காரோடு திரும்புவதில் எனக்கு வருத்தமில்லை என்று என் மனைவி சிசிலியிடம் சொன்னால் அடிக்க வருவாள். ஆனால் உண்மை அதுதான். பெற்றோல் விலை ஏறிய பிறகு இந்த மலையில் இறக்கத்தில் எவனும் எஞ்சினை ஓடவிடுவதில்லை. கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைத்து, மறுபடி சாவியைத் திருப்பி வைத்துவிட்டால் போதும். கார் தானாக இறங்கும். அப்போது டாஷ்போர்டில் இரண்டு சின்ன விளக்குகள் எரியும். சிவப்பு, பெற்றரிக்கு. ஆரஞ்சுத் தோடம்பழ நிறம், எஞ்சின் ஒயிலுக்கு. எஞ்சின் ஓடாததால் எரிகின்றன, வேறொன்றுமில்லை. மூடுபனிக்குள் தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் நகர்ந்துகொண்டே வரும். எங்கோ பீலித் தண்ணீர் விழும். நான் காரோட்டுகிறேனா, தூங்கிக்கொண்டிருக்கிறேனா என்று எனக்கே தெரியாது.

இன்று இறக்கம் முடிந்து எஞ்சினைப் போட்டதும் சிவப்பு அணைந்தது. தோடம்பழம் அணையவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அணைந்தது.

இறக்கத்திலேயே பார்த்துப் பழகிய வெளிச்சம். அதனால் எனக்குப் பயமும் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ?

ஒக்டோபர் 14

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனோம். பாட்டுக் குழு இன்று சாமியாருக்குப் பயந்ததுபோல வாய்க்குள்ளேயே பாடியது. சிசிலியின் குரல் கூடத் தனியாக எழும்பவில்லை. அவள் குரலைக் கேட்டுத்தானே நான் அந்தக் கோயிலுக்கே போக ஆரம்பித்தேன்! வெளியில் வந்ததும் பாட்டு வாத்தியார் ஜோர்ஜ் மாஸ்டரிடம், பிள்ளைகளுக்குக் காலையில் சாப்பாடு கொடுக்கவில்லையா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

ஒக்டோபர் 17

விளக்கு மறுபடியும். கார் சூடேறி, ஸ்டேஷன் முன்னால் நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் கண்ணைச் சிமிட்டுகிறது.

கையில் காசு இல்லாதவன் முதலில் காசு கேட்காத வேலைகளைத்தான் பார்க்க வேண்டும். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன். அளவு சரி, நிறம்தான் தார் மாதிரி. பிறகு எஞ்சின் பக்கத்தில் இருக்கும் ஒயில் சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றினேன். விளக்கு அணைந்தது. அப்படியென்றால் ஒயர் எங்கும் உரசவில்லை. இனி இரண்டில் ஒன்று. சுவிட்ச் பழுது, அல்லது உள்ளே ஒயில் அழுத்தம் உண்மையிலேயே குறைவு. முதலாவதென்றால் பிழைத்தேன். இரண்டாவதென்றால் எஞ்சினைத் திறக்க வேண்டும்.

திறக்க என்னிடம் எதுவும் இல்லை. டிசம்பர் பௌர்ணமிப் போயாவுக்கு நல்லதண்ணி சீசன் தொடங்குகிறது. மலை ஏறிக் கும்பிட வரும் சனத்தை ஹட்டனிலிருந்து ஏற்றி இறக்குவதில்தான் எங்கள் வருஷமே ஓடுகிறது. ஸ்டேஷன் முன்னால் இப்போதே புது ஜப்பான் வேன்கள் வரிசையாக நிற்கின்றன. சீசனில் என் மொரிஸ் மைனர் கராஜில் கிடந்தால், பிறகு என்னை எவன் தேடுவான்?

ஒக்டோபர் 24

தீபாவளி ஓட்டம் முடிந்தது. இந்த வருஷம் தோட்டத்து லய வீடுகளில் வெடிச் சத்தமே இல்லை. சனத்திடம் காசு இல்லை, பாவம்.

நல்ல செய்தி ஒன்று. பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். வால்வு டெப்பெட் இடைவெளிகளைச் சரிசெய்தேன். பழைய ஒயிலை இறக்கிவிட்டுக் கொஞ்சம் தடிப்பான ஒயில் ஊற்றினேன். எஞ்சின் பூனை மாதிரி ஆகிவிட்டது! முன்பிருந்த கடகடப்பு எல்லாம் போயே போய்விட்டது. ஏற்றத்தில் கூட இறக்கம் மாதிரி ஓர் அமைதி. எனக்கு என்மேலேயே மரியாதை வருகிறது.

விளக்கு மட்டும் இன்னும் சிமிட்டுகிறது. அப்படியென்றால் சுவிட்ச்தான். ஹட்டனில் மெக்கானிக் ஆண்டியப்பன் கராஜில் பழையதொன்று கிடைக்கும்.

கினிகத்தேனை வரை ஒரு ஹயர் இறங்கி ஏறியதில் காது அடைத்துக்கொண்டது. இந்த மலையில் யாருக்குத்தான் அடைப்பதில்லை? எச்சிலை விழுங்கினேன். திறக்கவில்லை. நாளைக்குத் திறக்கும்.

நவம்பர் 2

சிசிலி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே உதடு அசைக்கிறாள். என்ன என்று கேட்டால் திரும்பிப் பார்க்கிறாள், ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள்.

என்ன குற்றம் செய்தேன்?

நவம்பர் 9

வேலாயி என்ற வயதான அம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பாதி வழியில் என் தோளைத் தட்டினார். காரை நிறுத்தித் திரும்பினேன்.

"தம்பி, வண்டி இப்புடி அடிச்சுக்கிதே. நான் எறங்கி நடந்துக்கிறேனே" என்றார்.

காரில் ஏறிப் பழக்கமில்லை போலும். கதவுதான் ஆடுகிறது என்று சமாதானம் சொல்லிக் கொண்டுபோய்விட்டேன். பிறகு கதவைப் பார்த்தேன். ஆடவில்லை.

நவம்பர் 11

சிசிலி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பாடித்தான் தூங்க வைப்பாள். அங்கே பாடுகிறவளுக்கு வீட்டில் பேச வாய் இல்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு பேரும் இரண்டு மூலையில். மழை கூடச் சத்தமில்லாமல் பெய்கிறது.

நவம்பர் 19

இன்று நடந்ததை எப்படி எழுதுவது.

சுவிட்ச் வாங்க ஹட்டனுக்குப் போனேன். காரை நிறுத்தும் முன்பே ஆண்டியப்பன் கராஜிலிருந்து கையை வீசிக்கொண்டு ஓடி வந்தான். எஞ்சினை அணைக்கச் சொல்கிறான் என்று புரிந்தது. அணைத்தேன். ஏதோ சொன்னான். மறுபடி சொன்னான். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"அண்ணே, பேரிங் தட்டுது. அந்த வளைவுல வர்றப்பவே எனக்குக் கேட்டுச்சு. ஒங்களுக்குக் கேக்கலையா?"

எஞ்சின் பூனை மாதிரி ஓடுகிறதே என்றேன். அவன் சிரிக்கவில்லை. பின்னால் போய் நின்றான். என்ன செய்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். கையில் ஒரு தகர டின்னும் சுத்தியலும். கராஜில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அதை அடித்து முடித்திருந்தான்.

நவம்பர் 20

அப்படியென்றால் எஞ்சின் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பாட்டுக் குழு பாடியிருக்கிறது. வெடிகள் வெடித்திருக்கின்றன. நான்தான் பெருமைப்பட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

நவம்பர் 23

சிசிலியிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாளாக வாய் வரவில்லை. டிரைவருக்குக் காது போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் பேசுறது ஒங்களுக்குப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சேங்க. அதான் நானும் கொறைச்சுக்கிட்டேன்."

பிறகுதான் அழுதாள். நானும். இத்தனை நாள் இந்த மனுஷி தனக்குள்ளேயே என்னவெல்லாம் நினைத்திருப்பாள். அவள் கோபமாக இருக்கிறாள் என்று நான், எனக்கு அலுத்துவிட்டது என்று அவள்! ஆனாலும் இந்த ஒரு மாதத்தில் இன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கப்போகிறேன்.

நவம்பர் 27

டிக்கோயா ஆஸ்பத்திரி. சிசிலியும் லீவு போட்டு வந்தாள். இளம் டொக்டர், சிங்களவர். இரண்டு கால் உள்ள சின்ன இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். எங்கோ தூரத்தில் ஏதோ இருக்கிற மாதிரி. பிறகு அதன் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார்.

மணி அடித்தது. தலைக்குள்ளேயே, தெளிவாக, கோயில் மணி மாதிரி. திடுக்கிட்டு எழுந்துவிட்டேன்.

டொக்டர் சிங்களத்தில் விளக்க, சிசிலி எனக்கு வாயசைத்துச் சொன்னாள். உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறதாம். காதுக்குள் ஒரு குட்டி எலும்பு இறுகிப்போய்ச் சத்தத்தை உள்ளே விடவில்லையாம். எலும்பு வழியாக வந்தால் கேட்கும். கொழும்பில் ஒப்பரேஷன் செய்வார்கள். ஆனால் காத்திருக்கிறவர்கள் ஏராளம். பெயர் பதிந்துவிட்டு வந்தோம்.

"ஒயர் நல்லதுதான் சிசிலி. சுவிட்ச்தான் பழுது" என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் சிரித்த சிரிப்பை எல்லோரும் பார்த்தார்கள். எனக்கும் லேசாகக் கேட்ட மாதிரி இருந்தது.

நவம்பர் 29

நேற்று முழுக்க அந்த மணி தலைக்குள்ளேயே இருந்தது. எலும்பு வழியாக வந்தால் கேட்கும்.

இன்று ஆண்டியப்பன் கராஜில் எஞ்சினை ஓடவிடச் சொன்னேன். நீள ஸ்குரூ டிரைவரை எடுத்து நுனியை எஞ்சினில் வைத்து, மரப்பிடியைப் பல்லால் கடித்தேன். ஆண்டியப்பன் எனக்குப் பைத்தியம் என்றே முடிவு செய்திருப்பான்.

கேட்டது! சங்கிலி ஓடுவது, வால்வுகள் தட்டுவது, எல்லாவற்றுக்கும் அடியில் டொக், டொக் என்று கட்டைச் சத்தம். என் கண் கலங்கிவிட்டது. பழுதான சத்தம்தான், ஆனால் எவ்வளவு அழகாக இருந்தது! பிடியைக் கடித்தபடியே கையைக் காட்டினேன். அவன் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். மூன்றாவதைக் கழற்றியபோது அந்த டொக் மெத்தென்று அடங்கியது. மாட்டினான், திரும்பி வந்தது. மூன்றாவது சிலிண்டரின் பேரிங் ஒன்றுதான்.

ஒன்றென்றால் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. காருக்கு அடியில் படுத்து ஒயில் தட்டைக் கழற்றினால் போதும். கராஜின் பின்னால் இதே மாதிரி ஒரு கார் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதன் பேரிங்குகள் பார்க்க நன்றாகவே இருக்கின்றன.

டிசம்பர் 2

பேரிங் மாற்றியாயிற்று. எஞ்சினைப் போட்டதும் இரண்டு விளக்கும் ஒன்றாக அணைகின்றன. சூடான பிறகும் சிமிட்டலில்லை. சுவிட்ச் பொய் சொல்லவே இல்லை. பல்லால் கடித்துப் பார்த்தேன். டொக் இல்லை.

கார் பிழைத்துவிட்டது. நான்? வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்கும் ரோட்டில், செவிடன் ஏற்றுகிற சனத்துக்கு யார் பொறுப்பு? வேன்காரர்களில் ஒருவனுக்கே காரை விற்றுவிடலாமா என்று சிசிலியிடம் கேட்டேன்.

"நான் முன்னால ஒக்காந்துக்கிறேன். ஹோர்ன் கேட்டா ஒங்க கையைத் தட்டுறேன். நான் வராத நாள்ல நீங்க ஓட்டக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள்.

பிள்ளைக் காம்பராவில் வார நாள்களில் அவளுக்கு விடுதலை இல்லை. சனி, ஞாயிறு, போயாவுக்கு மட்டும்தான் ஓட்டம். சீசனில் கூட்டமும் அன்றைக்குத்தானே. சரி என்றேன்.

டிசம்பர் 3

போயா. சீசன் தொடங்கிவிட்டது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, நல்லதண்ணி. ஒரு சீட் குறைந்ததில் ஒரு ஆளின் காசு போனது. என் கை முழுக்க அவள் விரல் பட்ட இடம்.

டிசம்பர் 16

ஸ்டேஷனில் எங்களைக் கேலி செய்கிறார்கள். கலியாண ஊர்வலமாம். இருக்கட்டும்.

டிசம்பர் 23

கடைசி ஆள்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு வெறுங்காராகத் திரும்பினோம். பின்னேரம். மூடுபனி ரோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்தேன். சிவப்பும் தோடம்பழமும் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் சிசிலியின் உதடு அசைவதைக் கண்டேன். நாளை நள்ளிரவு, கிறிஸ்து பிறக்கும் நத்தார் பூசைக்கு ஜோர்ஜ் மாஸ்டர் அவளுக்குத் தனிப்பாட்டு ஒன்று கொடுத்திருக்கிறார். அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

ஓரங்கட்டி நிறுத்தினேன். கொஞ்சம் சத்தமாகப் பாடு என்றேன். பிரயோசனம் இல்லையே என்பதுபோலப் பார்த்தாள். நான் சாய்ந்து என் நெற்றியை அவள் கன்னப்பொட்டில் அழுத்தி வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பாடினாள்.

முதலில் ஓர் அதிர்வு. பிறகு அவள் குரல். கோயிலில் முதன்முதலாகக் கேட்ட அதே குரல், இப்போது என் மண்டைக்குள் இருந்தே பாடியது. ஒரு வரி விடாமல் முழுப் பாட்டையும் கேட்டேன்.

பின்னால் வந்த வேன்காரன் வெகுநேரம் ஹோர்ன் அடித்துவிட்டு விலகிப் போனானாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். என் கையை அவள் தட்டவே இல்லை.