கீழிருந்து மேலே படித்தவன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் குறையில்லை. நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை நீ எப்படி இருக்கிறாய் என்று நிஜமாகவே தெரிய வேண்டியிருக்கிறது. போன வருஷம் செய்த கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குப் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது, அலமாரி மேல் கிடக்கும் தூசியெல்லாம் கண்ணில் பட்டு என்னை விரட்டுகிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

அச்சகத்தில் இப்போது புரூஃப் பார்ப்பது ஒரு தடித்த புத்தகம், தன்னை அறிவதைப் பற்றித் தத்துவங்களும் கதைகளும் என்ன சொல்கின்றன என்று அறுநூறு பக்கம். இந்த மாதிரி எத்தனையோ புத்தகம் முப்பது வருஷமாக என் கை வழியாகப் போயிருக்கிறது, ஒன்றையும் நான் படித்ததில்லை. உனக்குத்தான் தெரியுமே, கடைசி வரியில் ஆரம்பித்து மேலே போவேன், அர்த்தம் புரிந்துவிட்டால் கண் பிழையைத் தாண்டிவிடும். ஞானத்தையெல்லாம் கால்புள்ளி அரைப்புள்ளியாகவே பார்த்துத் தள்ளியவன் உன் அப்பன். போன வாரம்தான் ஒரு அத்தியாயத்தை மேலிருந்து கீழே படித்தேன், அதுவும் உன் அறைத்தோழி வந்துவிட்டுப் போன பிறகு.

லீவில் வந்தவள் நம் வீட்டுக்கும் வந்தாள். அம்மா டீ போட உள்ளே போனதும், போன வருஷம் நீ எனக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். "நாலு நாள் உக்காந்து எழுதினா அங்கிள். நீங்க திருத்தி அனுப்புனது வந்தப்ப அதை மடிச்சு வச்சுட்டு அன்னைக்குப் பூரா சுவத்தையே பாத்துட்டிருந்தா."

பள்ளிக்கூட ஹாஸ்டலில் இருந்தபோது நீ எழுதும் கடிதங்களைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவேன், நீயும் எத்தனை சுழி என்று எண்ணிச் சிரிப்பாய். போன வருஷக் கடிதத்தையும் அந்த விளையாட்டு என்றே நினைத்துவிட்டேனம்மா. அச்சக மேஜையில் புரூஃப் கட்டுக்கு நடுவே வைத்துக் கீழிருந்து மேலே பார்த்தேன், "பதினோரு பிழை, தேறிவிட்டாய்" என்று ஓரத்தில் எழுதித் தபாலில் போட்டேன். கண்ணில் கட்டோடு படுத்திருந்த அம்மா நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள், சௌக்கியம்தானாம் என்று சொன்னேன்.

அந்தப் பதினோரு பிழையும் எனக்கு இன்னும் மனப்பாடம். இரண்டாம் பக்கத்தில் 'தாங்க முடியவில்லை' என்பதில் ஓர் எழுத்தை விட்டிருந்தாய். என்ன தாங்க முடியவில்லை என்று எனக்குத் தெரியாது.

தத்துவக்காரர் உன்னைப் பார் என்கிறார், கதைக்காரர் பார்த்தவன் கதி என்ன ஆயிற்று என்று காட்டுகிறார், இரண்டு பேரும் கடைசியில் வெளிச்சம் என்று முடிக்கிறார்கள். எனக்கு வெளிச்சமும் இல்லை விடுதலையும் இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், அது தெரியாதவரைக்கும் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இந்த வீட்டில் உன்னைக்கூட நான் இப்படித்தான் பார்த்திருக்கிறேன், எங்கே தப்பு என்று மட்டும். மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது, எதற்கு என்று முழுதாகத் தெரியாமல் எப்படிக் கேட்பது.

வேளைக்குச் சாப்பிடு, தனியாக அறையில் அடைந்து கிடக்காதே, அந்தப் பெண் நல்லவள், அவளை விட்டுவிடாதே. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

மறக்காமல் ஒன்று செய். அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் அனுப்பு. கிழித்துப் போட்டிருந்தால், போனில் நான் வந்தால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாயே, அதில் என்ன எழுதினாய் என்று அம்மாவிடமாவது சொல். எனக்குச் சொல்லக் கூடாது என்றால் அவள் சொல்லமாட்டாள். நீ பேசி முடிக்கும்வரை நான் வெளியே போய் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா