கழற்றக் கூடியதா?

மார்ச் 3

படியில் ஏன் தனியாக இறங்கினேன் என்று இன்றும் விசாரணை. விழுந்தது ஒரே முறை, கேள்வி தினமும். அவர் போனபின் நான் ஆண்ட என் வீட்டின் சாவி மகனுடைய அலமாரியில் பத்திரமாக இருக்கிறதாம். பத்திரம்!

பார்வையற்றோர் ஒலி நூலகத்துக்கு நான் எழுதும் நிரல் என் கணினியில் நன்றாக ஓடுகிறது. பென்டிரைவைச் சொருகினால் தானே கண்டுகொண்டு, கேட்ட புத்தகத்தை நகலெடுத்து, முடிந்தது என்று குரலில் சொல்லும். அங்குள்ள எல்லாக் கணினியிலும் ஓடிவிட்டால் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். தங்க ஓர் அறையும் உண்டு. மகனிடம் இன்னும் மூச்சு விடவில்லை.

மார்ச் 6

நூலகர் தொலைபேசியில்: "மேடம், சொருகினத பாக்கவே மாட்டேங்குது. எனக்குத்தான் கண்ணு தெரியாது, உங்க புரோகிராமுக்குமா?" அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 7

பிழை என்னுடையது. கணினியை இயக்கும் லினக்ஸ் எல்லா இடத்திலும் ஒன்றே என்று இருந்துவிட்டேன். என்னுடையது பென்டிரைவை 'மீடியா' என்ற கோப்புறையில் திறக்கிறது. நான் அங்கே மட்டும் பார்த்தேன். அவர்களுடைய கணினிகளில் ஒன்று 'ரன்' என்பதற்குள் வேறொரு 'மீடியா'வில் திறக்கிறது. மற்றொன்று, நாம் சொல்லாமல் திறப்பதே இல்லை. வாசலில் நின்றுகொண்டு, கொல்லைப்புறமாக வந்தவரை வரவில்லை என்றிருக்கிறேன்.

மார்ச் 9

இனிக் கோப்புறையைப் பார்ப்பதில்லை. என்ன சொருகினாலும் முதலில் அறிவது லினக்ஸின் கருவான கர்னல்; அதையே கேட்கிறேன். பென்டிரைவ் சரியாகிவிட்டது. வயரில் தொங்கும் ஹார்டு டிஸ்க்தான் சிக்கவில்லை. 'கழற்றக் கூடியதா?' என்றால் பூச்சியம், அதாவது இல்லை, என்கிறது. இழுத்தால் கையோடு வருகிறது — பூச்சியமாம்!

சாப்பிடும்போது மருமகள்: "அத்தை, அந்த வீட்ட வாடகைக்கு விட்டுரலாம்னு உங்க பையன் சொல்றாரு. நீங்க இனிமே எங்க போகப்போறீங்க?"

கேட்டாளா, சொன்னாளா?

மார்ச் 10

'கழற்றக் கூடிய' என்ற அந்த ஆங்கிலச் சொல்லைத் தவறாகப் படித்திருக்கிறேன். அது பெட்டியைப் பற்றியதல்ல. பெட்டிக்குள்ளிருந்து வட்டு தனியே வெளியே வருமா என்பதைப் பற்றியது. கான்வென்டில் ஆங்கிலம் எடுத்த சிஸ்டர் இருந்தால் முழங்காலில் நிறுத்தியிருப்பார். இப்போது, எந்த வழியாக வந்தாய் என்று கேட்கிறேன். யூஎஸ்பி என்கிறது. அவ்வளவுதான்.

மார்ச் 14

நூலகத்தில் எல்லாக் கணினியிலும் ஓடுகிறது. "சொருகினதும் பேசுது மேடம்!"

மகனிடம் வேலையைப் பற்றியும் அறையைப் பற்றியும் சொன்னேன். "தனியாவா? இந்த வயசுலயா? விளையாடுறீங்களாம்மா?"

நான் என்ன கைக்குழந்தையாடா? குடுடா என் சாவிய! — கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. வெட்கம்.

மார்ச் 17

நூலகர்: "உங்க மகன் பேசினாருங்க. எனக்கும் சரின்னுதான் பட்டுது. நீங்க செஞ்சதுல இனிமே கை வைக்கவே வேண்டாம், அவ்வளவு சுத்தம். ஏதாவதுன்னா வீட்டுலேருந்தே பாத்துக்கலாமே மேடம், எதுக்கு அலைச்சல்?"

ஏதேனும் ஒரு குறையை விட்டுவைத்திருக்கலாம். எனக்கு அது வராது.

மார்ச் 21

புது மேசை வந்தது. "ஆஃபீஸ் மாதிரியே இருக்குல்ல அத்தை!" என்றாள் மருமகள். வேறு இடமில்லாததால் ஜன்னலை ஒட்டிப் போட்டார்கள். நன்றி சொன்னேன். ஜன்னல் இனிப் பாதிதான் திறக்கும்.