சவரியின் சாக்ஸபோனில் நான் சுரண்டச் சொன்னது

என் பிரியமுள்ள மச்சான் சவரிக்கு,

நீ கண்ணை மூடி வருஷம் திரும்பப் போகிறது. தங்கச்சிமடத்தில் என் நண்டு வியாபாரத்துக்கு இப்போது நல்ல சீசன். உன் தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்காதே. ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டேன். ஊரார் படிக்கும்படியே எழுதுகிறேன்.

உன் வருஷப் பூசையன்று மாலை, கோயில் மைதானத்தில் உன் மகள் ரீட்டா உன் சாக்ஸபோனை ஊதப்போகிறாள். மஸ்கட் ஓட்டலில் உன்னோடு வாசித்த காலித், தன் அரபு நரம்பு வாத்தியமான ஊத்தோடு வருகிறார். ஜாஸையும் அரபு ராகங்களையும் சேர்த்து நீங்கள் இருவரும் கட்டினீர்களே, அதைத்தான் வாசிக்கப்போகிறார்கள்.

நீ லீவில் வந்து அதை முதன்முதலில் ஊதிக் காட்டியது ஞாபகமிருக்கிறதா?

“என்ன மச்சான், சுருதி இறங்குது?”

“இறங்கல மாப்ள. பியானோவுல பக்கத்துப் பக்கத்துக் கட்டை ரெண்டு இருக்குல்ல, அதுக்கு நடுவுல ஒரு சுரம் இருக்கு. அரபிக்காரன் அதைப் பாடுவான். நான் அதை ஜாஸுக்குள்ள கொண்டுவாரேன். காலித் ஒரு சுரத்தைப் பிடிப்பான், நான் இந்த நடுச்சுரத்தைப் பிடிப்பேன். ரெண்டும் சேந்து நிக்கும் பாரு.”

“நடு சைஸ் நண்டை எந்தக் கம்பெனிக்காரனும் எடுக்கமாட்டான் மச்சான்.”

“நீ நண்டை மட்டும் பாரு மாப்ள.”

அதைக் கேட்டிருக்கலாம்.

ரீட்டாவிடம் கொடுக்கும்முன் சாக்ஸபோனைப் புதுசுபோல ஆக்கிவிட நினைத்தேன். சரக்கைக் கழுவித் துடைக்காமல் பெட்டியில் அடைத்துப் பழக்கமில்லாதவன் நான். மதுரையில் பழுதுபார்க்கிறவர் மூடிகளைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “சார், ஓட்டை ஓரத்துல பிறை மாதிரி தக்கை வெட்டி ஒட்டியிருக்கு. இருக்கட்டுமா?”

வலை மிதவையின் தக்கை. படகுக்குப் பூசுகிற குங்கிலியத்தால் ஒட்டியிருந்தது. உன் கைவேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. உடைந்ததற்குப் போட்ட ஒட்டு என்று எண்ணிக்கொண்டேன். “எல்லாத்தையும் சுரண்டிருங்க. பளபளன்னு இருக்கணும்” என்றேன். அவர்மேல் தப்பில்லை, கேட்டுத்தான் செய்தார்.

பளபளவென்றுதான் வந்தது. ரீட்டா ஊதினாள். நடுச்சுரங்கள் மட்டும் வரவில்லை. காலித் போனில் மீட்டிக் காட்டுவார்; இவள் ஊதினால் மேலே போய்விடும், இழுத்துப் பிடித்தால் ஆடும். “உன் அப்பாவுக்குச் சுலபமாக வருமே” என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அது ஒட்டு அல்ல. சுரத்தைக் கொஞ்சமாய் இறக்கத்தான் ஓட்டையில் ஒரு பகுதியை நீ அடைத்து வைத்திருந்தாய்.

உறைத்தும் வாய் திறக்கவில்லை மச்சான். நாலு பேரிடம் பெருமையடித்த வேலை அது. பிள்ளை உதடு வெடிக்கிறவரை ஊதினாள். நேற்றுச் சாப்பிடும்போது உன் தங்கச்சியிடம் சொன்னாள்: “எனக்கு அப்பா காதும் இல்ல, அப்பா உதடும் இல்ல அத்தை. காலித் அங்கிளை வரவேணாம்னு சொல்லிர்றேன்.” நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

இன்று காலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எந்தெந்த ஓட்டையில மாமா இருந்துச்சு?”

எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு அகலம், எவ்வளவு கனம்? உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

“இத்தனை நாளும் நான் அழுததைப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?” என்றாள் அப்புறம். நான் எழுந்துபோய்ப் பழைய மிதவையொன்றிலிருந்து தக்கை எடுத்துவந்தேன்.

இப்போது மேசைமேல் தக்கையும் பிளேடும் கிடக்கின்றன. காலித் போனில் மீட்ட, இவள் வெட்டி ஒட்டி ஊதுகிறாள். அளவுக்கு மேல் இறங்கிவிட்டால் சுரண்டுகிறாள். சாக்ஸபோனைத் தொட என்னை விடவில்லை. குங்கிலியம் உருக்கிக் கொடுப்பது மட்டும் என் வேலை. சற்றுமுன் ஒரு சுரம் காலித்தின் நரம்போடு சேர்ந்து நின்றது. எனக்கு அது இன்னும் சுருதி விலகினதாகவே கேட்கிறது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் சரி என்று தெரிந்துகொண்டேன்.

பூசைக்குள் மற்றச் சுரங்களும் அமையுமா? தெரியாது. அமையாவிட்டால் அவள் ஊதுவதற்கு முன்னால் நான் மேடையேறி, கெடுத்தது இவள் உதடல்ல, என் வாய்தான் என்று மைக்கில் சொல்வேன். சத்தியம்.

உன் தங்கச்சி புருஷன்,
உன் மாப்ள ராயப்பன்