திறப்பும் திறப்பு விழாவும்

செப். 15, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு வெள்ளவத்தையைத் தாண்டிப் போய்விட்டது. பஸ்ஸில் நின்றபடி பயணம். குடை வீண்சுமை.

பேராசிரியரிடமிருந்து படிவம் திரும்பி வந்தது. புதிய லேசர் ஆய்வுகூடத்தில் யாருக்கு என்ன பொறுப்பு என்று எழுதும் படிவம். ஒன்பது வரி. வெறுமையாக அனுப்பியிருந்தேன், அவரே நிரப்பட்டும் என்று. நிரப்பியிருக்கிறார். ஒன்பதிலும் என் பெயர்.

மாணவர் பயிற்சி: மேகலா. கதவுப் பூட்டுச் சோதனை: மேகலா. பாதுகாப்புக் கண்ணாடிகள்: மேகலா. கதிர் ஓடும்போது அறையில் நிற்பவர்: மேகலா. விபத்து நடந்தால் பதில் சொல்பவர்: கட்டாயம் மேகலா.

நான் துறையின் தொழில்நுட்ப அலுவலர். போன வருடக் கூட்டத்தில் எல்லோரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் நான் மட்டும் நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து லேசர் பாதுகாப்பு அலுவலர். சுருக்கமாக ல.பா.அ. பதவியோடு ஒரு கோப்பும் ஒரு சின்னத் திறப்பும் கிடைத்தன. லேசர்ப் பெட்டியில் அந்தத் திறப்பைச் செருகித் திருப்பினால்தான் கதிர் வரும்.

படிவத்தோடு அவர் அறைக்குப் போனேன்.

“சேர், ஆய்வுகூடம் உங்கட. ஆராய்ச்சி உங்கட. பிள்ளையள் உங்கட. அப்ப முதல் பொறுப்பும் உங்கடதானே. நான் சோதிக்கிற ஆள், பிழையெண்டால் நிப்பாட்டுற ஆள்.”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. “மேகலா, நீர் திறப்பு வைச்சிருக்கிற ஆள். அதைத் துலைக்காமல் வைச்சிருந்தால் காணும். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. உபவேந்தர் வாறார். அதுக்கு முதல் கையெழுத்து வைச்சுத் தாரும்.”

படிவத்தோடு திரும்பினேன். படியிறங்கும்போது பதில்கள் பத்து வந்தன. எல்லாம் நல்ல பதில்கள்.

வாங்க: பால்மா, முருங்கைக்காய், இவருக்குப் பிரஷர் குளிசை. தையல்காரியிடம் சட்டை.

செப். 16, செவ்வாய்

விடியற்காலை மழை. பிறகு வெயில். பிறகு இரண்டும்.

பாஸ்லாவோடு காலை முழுக்க. பேராசிரியரின் ஆராய்ச்சி மாணவி, பாமன்கடை, இரண்டாம் வருடம். லேசர் மேசையில் கதிர் பட்டுத் திரும்பும் சின்னக் கண்ணாடிகளைத் திருகித் திருகி அதற்கு வழி போடுபவள் அவள்தான். ஆகவே முதலில் சுடப்படக்கூடிய கண்ணும் அவளுடையதுதான். பேராசிரியர் இதை யோசித்தாரா தெரியவில்லை. நான் யோசிக்காத நாள் இல்லை.

எங்கள் லேசர் கண்ணுக்குத் தெரியாத ரகம். அதுதான் பொல்லாதது. பச்சை, சிவப்பு என்றால் இமை தானாக மூடும். இது சத்தமில்லாமல் உள்ளே போய் விழித்திரையைச் சுட்ட பிறகுதான் செய்தி வரும்.

பாதுகாப்புக் கண்ணாடி ஆறையும் எடுத்து, விளிம்பில் உள்ள இலக்கங்களை வாசித்தோம். இரண்டு வேறு லேசருக்குரியவை! பார்வைக்கு அண்ணன் தம்பி. ஒரே நிறம், ஒரே பெட்டி.

பாஸ்லா முகம் வெளிறிப்போனது. “மிஸ், அப்ப போன கிழம முழுக்க நான் போட்டீந்தது எது?”

தேடினோம். வலப்பக்கக் காதுப்பிடியில் கீறல் உள்ளது அவளுடையதாம். இலக்கம் சரி. அவள் அல்லாஹ்வைக் கூப்பிட்டாள், நான் பிள்ளையாரை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நிலத்தில் இருந்தோம்.

பிழையான இரண்டையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கோப்பில் எழுதினேன். பேராசிரியருக்குப் பிரதி. பதில் இல்லை.

செப். 18, வியாழன்

என்ன நாள்! ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஒன்பது. ஆய்வுகூடக் கதவைத் திறந்தால் உள்ளே ஆள் உயரப் பித்தளை விளக்கு. உச்சியில் சேவல். எங்கள் நாட்டில் எதைத் திறந்தாலும் அதுதானே முதலில் வரும். ஆய்வுகூட உதவியாளர் சோமபால அய்யே, எங்களுக்கெல்லாம் சிங்கள அண்ணன், முதல்நாளே புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். சேவலின் நெஞ்சில் என் மூக்குத்தி தெரிந்தது. அத்தனை மினுக்கம்.

விளக்கு நின்றது லேசர் மேசைக்கு நான்கு அடி தள்ளி. பக்கத்தில் விருந்தினர் வந்து இருக்கக் கதிரைகள், இரண்டு வரிசை. விருந்தினருக்குத் தெரியட்டும் என்று மேசையின் அந்தப் பக்கத்தில் கதிர் வெளியே போகாமல் மறிக்கும் கறுப்புத் தடுப்பையும் கழற்றியிருந்தார்கள்.

பேராசிரியர் உற்சாகமாக வந்தார். “எப்பிடி ஐடியா? உபவேந்தர் விளக்கை ஏத்துவார், உடன லேசரைப் போடுவார், கமரா வழியாக் கதிர் திரையில தெரியும். பழைய வெளிச்சமும் புது வெளிச்சமும் ஒரே படத்தில.”

“சேர், இந்த அறைக்குள்ள மினுங்கிற சாமான் ஒண்டும் வரக்கூடாது. மோதிரத்தையே கழட்டச் சொல்லுறம். இது ஆறடி.”

“கதிர் மேசையில ஓடுது. விளக்கு ஓரத்தில நிக்குது. உமக்கு என்ன பிரச்சினை?”

“ஆரும் முழங்கையால மேசையில இடிச்சால் கதிர் விளக்கில.”

“ஒருத்தரும் இடிக்காயினம்.”

போய்விட்டார். நின்றேன். பதினொரு வருடச் சேவை, வருகிற மாதம் பதவி உயர்வு நேர்முகம், அவரும் அந்தக் குழுவில். பிறகு பாஸ்லாவைப் பார்த்தேன். விளக்குக்கும் மேசைக்கும் நடுவில் குந்தியிருந்து ஆணி முடுக்கிக்கொண்டிருந்தாள்.

லேசர்ப் பெட்டியிலிருந்து திறப்பைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கன்ரீனுக்குப் போனேன். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒன்றே கால். போன்.

“மேகலா, திறப்பு எங்க?”

“என்ட பையுக்குள்ள, சேர்.”

“நாளைக்குத் திறப்பு விழா எண்டு தெரியுமோ?”

“தெரியும் சேர். திறப்பு இல்லாமல் என்ன திறப்பு விழா?”

வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்னும் தெரியவில்லை. அதோடு விடாமல் நானே சொன்னேன்: ஒரு சோதனை செய்வோம், நீங்களும் வாருங்கள், ஒன்றும் நடக்காவிட்டால் கையெழுத்து வைக்கிறேன்.

நான்கு மணி. எல்லோரும் வெளியே. உள்ளே பேராசிரியரும் நானும், சரியான இலக்கக் கண்ணாடியோடு. கதிர் ஆகக் குறைந்த வலுவில். தெரியாத கதிர் பட்டால் ஒளிரும் சின்ன அட்டை ஒன்று இருக்கிறது. அதை அறை கூட்டும் தும்புத்தடியில் கட்டி, தடியை முன்வரிசைக் கதிரையில் சாய்த்து வைத்தேன், ஆள் இருந்தால் முகம் வரும் உயரத்துக்கு. பிறகு விருந்தினர் போல நடந்துவந்து முழங்கையால் மேசை ஓரத்துக் கண்ணாடியை இடித்தேன். இலேசாகத்தான்.

முதல் தரம் ஒன்றும் இல்லை. அவர் தொண்டையைச் செருமினார். இரண்டாம் தரமும் இல்லை.

மூன்றாம் தரம் அட்டை பற்றிக்கொண்டது போல் ஒளிர்ந்தது. கதிர் சேவலின் நெஞ்சில் பட்டுத் திரும்பி நேரே கதிரைக்கு!

பேராசிரியர் கதிரைக்குக் கிட்டப் போய், அதன் முதுகில் ஒட்டியிருந்த தாளை வாசித்தார். “உபவேந்தர்.”

திறப்பைத் திருப்பி லேசரை நிறுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

“அந்தப் பிள்ளை எங்க இருந்து வேலை செய்யிறவள்?”

குந்தியிருக்கும் இடத்தைக் காட்டினேன். விளக்குக்கும் அந்த இடத்துக்கும் இரண்டு அடி. பார்த்துக்கொண்டே நின்றார். உபவேந்தரின் கதிரையை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. அப்போதுதான் அந்த மனிதன்மீது எனக்கு இருந்த கோபம் பாதி போனது.

கதவைத் திறந்து அவரே கத்தினார். “சோமபால!”

“பஹன எளியட்டத, சேர்?” விளக்கு வெளியேவா என்று கேட்டபடி அய்யே வந்தார். கதவில் காது வைத்திருந்திருக்கிறார். பாஸ்லாவும்தான்.

ஐந்தரைக்குப் படிவம் என் மேசையில். என் பெயர்கள் ஆறு வெட்டப்பட்டு, பக்கத்தில் அவர் பெயர், அவர் கையெழுத்து. எனக்கு மிஞ்சியவை மூன்று: சோதிப்பது, பயிற்றுவது, நிறுத்துவது. இந்த மூன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டில் சொன்னேன். இவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டார். “கடைசியில சேவல்தான் உமக்குச் சாட்சி சொல்லியிருக்கு.”

செப். 19, வெள்ளி

வெயில். காஞ்சிபுரம் கட்டினேன். மூக்குத்தி, வளையல் எல்லாம் வீட்டில். நான் சொல்வதை நானே செய்யாவிட்டால் எப்படி.

விளக்கு நடைபாதையில். உபவேந்தர் ஏற்றினார். காற்றில் இரண்டு தரம் அணைந்தது, மூன்றாம் தரம் பிடித்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

பிறகு ஐந்து ஐந்து பேராக உள்ளே. தடுப்புகள் பழையபடி. வாசலில் நான். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி வாங்கினேன், கண்ணாடி கொடுத்தேன். கலைப்பீடத்தின் பீடாதிபதி முறைத்தார். “மேகலா சொல்லுறதைச் செய்யுங்கோ,” என்று பேராசிரியர் உள்ளிருந்து சொன்னார். எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

கதிர் ஓடிக்கொண்டிருந்த நேரம், படம் பிடிப்பவர் என்னைக் கேட்காமல் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். டக். கதவுப் பூட்டு வேலை செய்து லேசர் செத்தது. திரை இருண்டது. பேராசிரியர் முகமும்தான்.

உபவேந்தர் கை தட்டத் தொடங்கினார். செய்து காட்டலில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்! எல்லோரும் தட்டினார்கள். “கதவு திறந்தால் தானே நிண்டிடுமோ? அருமை, அருமை.”

“இதெல்லாம் எங்கட பாதுகாப்பு அலுவலரின்ட வேலை,” என்றார் பேராசிரியர், என்னைக் காட்டி.

வெட்கம். பெருமை. பெருமைதான் கூட.

இனிப்புக்குப் பாஸ்லா வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தாள். மூன்று துண்டு சாப்பிட்டேன்.

செப். 20, சனி

லீவு. மழை. இறால் உரித்துக்கொண்டிருக்கும்போது போன். பேராசிரியர்.

“மேகலா, கரைச்சலுக்கு மன்னிக்கவேணும். நான் லாபில நிக்கிறன். ஒரு சின்ன அளவீடு. போடலாமோ?”

விழா முடிந்ததும் திறப்பை அவரிடமே கொடுத்திருந்தேன், கேட்காமலே போட்டிருக்கலாம். எனக்குத் தெரியவும் வராது. கையெல்லாம் இறால். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

“கூட ஆர் நிக்கினம், சேர்?”

“ஒருத்தரும் இல்லை. நான் தனிய.”

“தனியப் போடேலாது சேர். திங்கள் பாஸ்லா வந்தாப் பிறகு.”

அடுத்த இறாலை எடுத்தேன்.

“ஓம். சரி, மேகலா. நான் வீட்ட போறன்.”